ஏமாந்தது வாங்குபவர்... வழக்குப் போட்டது போட்டியாளர்!

ஒரு பர்கருக்குள் இருக்கும் இறைச்சி வில்லையை எப்போது எடைபோடுவது? அடுப்பில் வைப்பதற்கு முன்பா, வெந்து சாறு வற்றி ரொட்டிக்குள் வந்த பிறகா? 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் ஃபெடரல் கோர்ட் நீதிபதி பர்லி அளித்த தீர்ப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பதிலுக்காக மூன்று ஆண்டுகள் மல்லுக்கட்டியவை மெக்டொனால்ட்ஸும் ஹங்ரி ஜாக்ஸும்.

ஹங்ரி ஜாக்ஸ், பர்கர் கிங்கின் ஆஸ்திரேலிய முகம். 1971-ல் ஜாக் கோவின் பெர்த் நகரில் முதல் கடையைத் திறந்தபோது, ‘பர்கர் கிங்’ என்ற பெயர் அடிலெய்டில் ஒரு கடைக்காரர் கையில் இருந்தது. அதனால் வேறு பெயர் வைக்க வேண்டியதாயிற்று. 2020-ல் இந்த நிறுவனம் ‘பிக் ஜாக்’ என்றொரு பர்கரை விற்பனைக்கு விட்டது. இரண்டு இறைச்சி வில்லை, சீஸ், லெட்டூஸ், ஒரு தனிச் சுவை சாஸ் என்று எல்லாம் மெக்டொனால்ட்ஸின் ‘பிக் மேக்’கை நினைவுபடுத்தின. பெயரும் அப்படித்தான். மெக்டொனால்ட்ஸ் உடனே கோர்ட்டுக்குப் போனது.

ஹங்ரி ஜாக்ஸ் அசரவில்லை. அந்த வழக்கையே விளம்பரமாக்கியது. ஏதோ ஓர் அமெரிக்க பர்கரோடு நம் மக்கள் பிக் ஜாக்கைக் குழப்பிக்கொள்கிறார்களாம், அதற்காக யாரோ எங்கள்மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள் என்று டி.வி-யில் சொன்னது. அதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்கும். எங்களுடையதில் 25% கூடுதல் ஆஸ்திரேலிய மாட்டிறைச்சி இருக்கிறது என்றும் சொல்லிவிட்டது.

தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. பெயர் விஷயத்தில் மெக்டொனால்ட்ஸ் தோற்றது. பிக் ஜாக்கைப் பார்த்து பிக் மேக் என்று ஏமாறும் அளவுக்குப் பெயர்கள் ஒன்றாக இல்லை, யாரும் ஏமாறவும் இல்லை என்றார் நீதிபதி. ஆனால், அந்த 25% விஷயத்தில் மெக்டொனால்ட்ஸ் ஜெயித்தது. வாங்குபவரின் கைக்கு வருவது வெந்த வில்லை. அதை எடைபோட்டுப் பார்த்தால் 25% தேறவில்லை. ஹங்ரி ஜாக்ஸ் நுகர்வோர் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பானது.

இத்தனைக்கும் நடுவில், 25% கூடுதல் என்று நம்பி பிக் ஜாக் வாங்கிச் சாப்பிட்டவர் எங்கே இருந்தார்? அவர் வழக்குப் போடவில்லை. இந்த வழக்கால் அவருக்கு ஒரு டாலர்கூடத் திரும்பி வரப்போவதில்லை. வாங்கிய பர்கரைத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. தோன்றினாலும் போட்டிக் கடையின் பர்கரையும் வாங்கி, இரண்டிலும் போதிய எண்ணிக்கை சேர்த்து, நிபுணரை வைத்து எடைபோடும் வசதி அவருக்கு இல்லை. போட்டியாளருக்கு அந்த வசதி இருந்தது, அதைவிட முக்கியமாக அவருக்குக் கோபம் இருந்தது.

ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் விசித்திரமான பலம் இதுதான். வாங்குபவரைக் காப்பதற்காக எழுதப்பட்ட ஒரு பிரிவை, வாங்குபவருக்காக அல்லாமல் தங்கள் சொந்த லாபத்துக்காகப் போட்டி நிறுவனங்கள் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன. அப்படி ஓடும்போது வாங்குபவருக்கும் நன்மை விளைகிறது. சில நேரம் விளைவதே இல்லை. அந்தச் சில நேரங்கள்தான் கவலைக்குரியவை.

ஒரே வாக்கியம்

1974-ல் ஆஸ்திரேலியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்த லயனல் மர்ஃபி, வணிக நடைமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன் 52-வது பிரிவில் ஒரே ஒரு வாக்கியம் உயிராக இருந்தது. வணிகத்தில் ஈடுபடும் எந்த நிறுவனமும் பிறரைத் தவறாக எண்ணவைக்கும் விதத்திலோ, ஏமாற்றும் விதத்திலோ, அப்படி நேரக்கூடிய விதத்திலோ நடந்துகொள்ளக் கூடாது. அவ்வளவுதான். 2011 ஜனவரி 1 முதல் அது ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 18-வது பிரிவாக வாழ்கிறது. எண் மாறியது, வாக்கியம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

இதில் கெட்ட எண்ணம் இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை. “நல்ல நம்பிக்கையில்தான் சொன்னோம்” என்று ஒரு நிறுவனம் கையை விரித்தால் அது தப்பிக்கும் வழியாகாது. சொன்னதைக் கேட்டவர் மனதில் என்ன எண்ணம் உண்டானது, அந்த எண்ணம் உண்மைக்கு மாறானதா என்று மட்டுமே கோர்ட் பார்க்கும்.

சட்டம் வந்த நான்காம் ஆண்டிலேயே ஒரு சிக்கல் எழுந்தது. சிட்னியில் வீடு கட்டுவோருக்குக் கட்டுமானப் பொருட்களைப் பற்றித் தகவல் தரும் மையம் ஒன்று இருந்தது, அதன் பெயர் சிட்னி பில்டிங் இன்ஃபர்மேஷன் சென்டர். நகரின் வடக்கே ஹார்ன்ஸ்பியில் இன்னொருவர் ‘ஹார்ன்ஸ்பி பில்டிங் இன்ஃபர்மேஷன் சென்டர்’ என்று போர்டு மாட்டினார். முதல் மையத்தார் வழக்குப் போட்டார்கள். நுகர்வோர் சட்டத்தின் கீழ் ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிமேல் வழக்குப் போட முடியுமா?

முடியும் என்றது ஹைகோர்ட். (ஆஸ்திரேலியாவில் ஹைகோர்ட்தான் உச்ச நீதிமன்றம்.) தடை உத்தரவு கேட்கும் உரிமையைச் சட்டம் யாருக்கும் மறுக்கவில்லை, வியாபாரிக்கும் கிடைக்கும் என்று கதவைத் திறந்துவிட்டது. ஆனால், உள்ளே வந்த முதல் வியாபாரியையே வெறுங்கையோடு அனுப்பியது. பெயரில் இருப்பவை எல்லாம் சாதாரணச் சொற்கள். அந்தச் சொற்களை நீங்கள் முதலில் எடுத்தீர்கள் என்பதற்காக அவை உங்கள் சொத்தாகிவிடாது. சிறு குழப்பம் சிலருக்கு வந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். 1978-ல் வந்த இந்தத் தீர்ப்பில் நீதிபதி ஸ்டீஃபன் சொன்னதன் சாரம் இன்றுவரை மாறவில்லை. வியாபாரி வரலாம், ஆனால் அவருடைய நற்பெயருக்கு என்ன ஆனது என்பது இங்கே கேள்வியே இல்லை. வாங்குபவருக்கு என்ன ஆனது என்று அவர் காட்ட வேண்டும்.

அந்த நிபந்தனைதான் இந்தச் சட்டத்தின் அழகு என்று நான் நினைக்கிறேன். தன் பணத்துக்காக வந்த ஆள், வேறொருவருக்காக வாதாடினால்தான் ஜெயிக்க முடியும்.

குழம்பினால் போதாது, ஏமாற வேண்டும்

பிக் மேக் என்ற பெயருக்காக மெக்டொனால்ட்ஸ் ஆஸ்திரேலியக் கோர்ட்டுக்குப் போனது 2020-ல் முதல் முறை இல்லை. மெக்வில்லியம்ஸ் என்ற ஒயின் நிறுவனம் தன் இரண்டு லிட்டர் ஒயினை ‘பிக் மேக்’ என்று விளம்பரம் செய்தபோதும் போனது. 1980-ல் ஃபெடரல் கோர்ட்டின் மேல்முறையீட்டு அமர்வு ஒயின் நிறுவனத்தின் பக்கம் நின்றது. பெயரைப் பார்த்ததும் “மெக்டொனால்ட்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டோ?” என்று ஒருவர் ஒரு கணம் யோசிக்கலாம். யோசிப்பது வேறு, ஏமாறுவது வேறு. சந்தேகம் வந்தவர் இன்னும் எதையும் தவறாக நம்பிவிடவில்லையே!

1982-ல் இதைவிடக் கடுமையான தீர்ப்பு ஒன்று வந்தது. புக்ஸூ என்ற நிறுவனம் ‘கான்டூர்’ என்ற வரிசையில் நாற்காலிகள் செய்து விற்றது. பார்க்டேல் என்ற நிறுவனம் ‘ராஹைட்’ என்ற பெயரில் பார்வைக்கு அச்சு அசலாக அதைப் போலவே செய்தது. நாற்காலியில் யார் செய்தது என்று லேபிள் இருந்தது. லேபிள் இருக்கிறதே, வாங்குபவர் பார்த்திருக்கலாமே என்றது ஹைகோர்ட்டின் பெரும்பான்மை. விவரம் தெரிந்தவர், தெரியாதவர், எளிதில் நம்பிவிடுபவர் எல்லாரையும் சட்டம் கணக்கில் எடுக்கும். ஆனால், தன் நலனைக் காக்கத் துளியும் மெனக்கெடாதவருக்காகச் சட்டம் வளையாது என்றார் தலைமை நீதிபதி கிப்ஸ். அந்த அமர்வில் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவர் ஒருவர் இருந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் சட்டத்தைக் கொண்டுவந்த அதே லயனல் மர்ஃபிதான் அவர். அமைச்சராக எழுதிய வாக்கியத்தை நீதிபதியாக உட்கார்ந்து காப்பாற்றப் பார்த்தார். முடியவில்லை.

எனக்கு மர்ஃபியின் பக்கமே மனம் சாய்கிறது. கடையில் நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பி லேபிள் தேடுபவர் எத்தனை பேர்? ஆனாலும், பெரும்பான்மையின் கவலையிலும் நியாயம் உண்டு. ஒரு வடிவத்தை முதலில் செய்தவருக்கு அதைக் காலாகாலத்துக்கும் பட்டா போட்டுக் கொடுக்கும் சட்டமாக இது மாறினால், கடைசியில் விலை ஏறி அடிபடப்போவது அதே வாங்குபவர்தான்.

அதே 1982-ல் எனக்குப் பிடித்த தீர்ப்பும் வந்தது. சிட்னியின் பாண்டை பகுதியில் ஒரு மெக்ஸிகன் உணவகம், ‘டாகோ பெல்ஸ் காஸா’ என்ற பெயரில் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. உலகப் புகழ்பெற்ற அமெரிக்க டாகோ பெல் சிட்னியில் கடை திறக்க வந்தது. பாண்டைக் கடைக்காரர் தடை கேட்டார். அமெரிக்க நிறுவனத்துக்கு உலகமெங்கும் பேர் இருக்கலாம், சிட்னிவாசி ஒருவர் ‘டாகோ பெல்’ என்று கேட்டால் யாரை நினைப்பார்? பாண்டைக் கடையைத்தான். ஆக, பெரிய கடை திறந்தால் ஏமாறப்போவது அவர். சின்னக் கடை ஜெயித்தது.

இந்த வழக்கில் நீதிபதிகள் டீனும் ஃபிட்ஸ்ஜெரால்டும் வகுத்த முறையைத்தான் ஆஸ்திரேலிய வக்கீல்கள் இன்றும் பின்பற்றுகிறார்கள். யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது என்று முதலில் பார். அந்தக் கூட்டத்தில் கெட்டிக்காரர் முதல் வெள்ளந்தி வரை எல்லாரையும் எண்ணிப் பார். யாராவது வந்து “நான் ஏமாந்தேன்” என்று சாட்சி சொன்னாலும் அதோடு முடித்துவிடாதே. அவர் ஏன் அப்படி நினைத்தார், எதிர்த்தரப்பு செய்ததாலா, அவராகவே கற்பனை செய்துகொண்டதாலா என்று தோண்டிப் பார்.

வரைபடமும் ஒற்றைச் சொல்லும்

போட்டியாளர்கள் ஒருவரையொருவர் கண்காணிப்பதால் மக்களுக்கு என்ன லாபம் என்று கேட்டால், டெல்ஸ்ட்ராவையும் ஆப்டஸையும் காட்டலாம். ஆஸ்திரேலியாவின் இரண்டு பெரிய தொலைபேசி நிறுவனங்கள். நம் ஊரில் சிக்னல் கிடைக்காத கிராமத்தில் மாடி மாடியாக ஏறியவர்களுக்கு அங்கே நடந்த சண்டை நன்றாகவே புரியும்.

2014 தொடக்கத்தில் ஆப்டஸ், ஆஸ்திரேலிய வரைபடத்தைக் காட்டி ஒரு விளம்பரம் கொடுத்தது. டெல்ஸ்ட்ராவின் மொபைல் சேவைக்கும் எங்கள் சேவைக்கும் வித்தியாசம் 1%-க்கும் குறைவு என்றது. எண் பொய்யில்லை. டெல்ஸ்ட்ரா மக்கள்தொகையில் 99.3% பேரைச் சென்றடைந்தது, ஆப்டஸ் 98.5% பேரை. ஆனால், ஆஸ்திரேலியாவின் மக்கள் பெரும்பாலும் கடற்கரை நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். நிலப்பரப்பில் பார்த்தால் இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே பெரும் வித்தியாசம். மக்கள்தொகைக் கணக்கைச் சொல்லிக்கொண்டு நிலத்தின் படத்தைக் காட்டினால், பார்ப்பவர் எதைப் புரிந்துகொள்வார்? விக்டோரியா மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எலியட், விளம்பரம் தவறாக எண்ணவைக்கிறது என்று தீர்ப்பளித்தார். விளம்பரம் வந்த சில வாரங்களில் எல்லாம் முடிந்தது.

நாலாண்டு கழித்து வேடம் மாறியது. 2018-ல் டெல்ஸ்ட்ரா தன்னை ஆஸ்திரேலியாவின் சிறந்த மொபைல் நெட்வொர்க் என்று சொல்லிக்கொண்டு ‘அன்லிமிடெட்’ என்ற ஒற்றைச் சொல்லை விளம்பரமாகப் போட்டது. ஆனால், விளம்பரம் காட்டிய மாதிரி எல்லையே இல்லாத மொபைல் சேவை அங்கே இல்லை. இந்த முறை வழக்குப் போட்டது ஆப்டஸ். ஃபெடரல் கோர்ட்டில் நீதிபதி க்ளீசன், மே மாதத்திலேயே ஆப்டஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

இந்த வேகத்தைக் கவனிக்க வேண்டும். அரசு ஆணையம் ஒரு புகாரை வாங்கி, ஆராய்ந்து, கோர்ட்டுக்குப் போவதற்குள் அந்த விளம்பரம் ஓடி முடிந்து, சிம் கார்டுகள் விற்றுத் தீர்ந்திருக்கும். போட்டியாளரோ விளம்பரம் வந்த அன்றே பார்க்கிறார், தன் வாடிக்கையாளர் நழுவுவதை அந்த வாரமே உணர்கிறார். தோற்றால் எதிர்த்தரப்பின் நஷ்டத்தை ஈடுகட்டுகிறேன் என்று எழுதிக்கொடுத்து இடைக்காலத் தடை வாங்க அவரிடம் பணமும் இருக்கிறது. அவரால் கேட்க முடியாத ஒன்று உண்டு. அபராதம் விதிக்கச் சொல்ல முடியாது, அந்த உரிமை அரசுத் தரப்புக்கு மட்டுமே. தடை, நஷ்டஈடு, திருத்த விளம்பரம் ஆகியவை போட்டியாளருக்குக் கிடைக்கும்.

அறிவும் போட்டியாளரிடமே இருக்கிறது. ‘சாதாரணத் தலைவலிக்கு பாராசிட்டமாலைவிட நியூரோஃபென் மேல்’ என்று ஒரு விளம்பரம் வந்தால், தலைவலியோடு மருந்துக்கடைக்குப் போகிறவர் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டப் போவதில்லை. பனடால் என்ற பாராசிட்டமால் மாத்திரையை அப்போது விற்றுவந்த கிளாக்ஸோஸ்மித்க்ளைன் புரட்டியது. அந்த ஒப்பீட்டைத் தாங்கும் அளவுக்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை என்று 2018 ஜனவரியில் ஃபெடரல் கோர்ட் சொன்னது.

ஊதா நிறம் யாருடையது?

இதே ஆயுதத்தை வாங்குபவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வேலி போடவும் பயன்படுத்தலாம். கேட்பரி சாக்லேட் நிறுவனம், ஊதா நிறம் என்றாலே தன் நினைவுதான் மக்களுக்கு வரும் என்று சொல்லி, டாரல் லீ என்ற ஆஸ்திரேலிய இனிப்பு நிறுவனத்தின்மேல் பாய்ந்தது. டாரல் லீ அப்போது தன் இனிப்புகளைச் சொந்தக் கடைகளில், தன் பெயர் போட்டு விற்றுவந்த நிறுவனம். 2006-ல் முதல் தீர்ப்பு கேட்பரிக்கு எதிராக வந்தது. மேல்முறையீடு, மறு விசாரணை, மறுபடி மேல்முறையீடு என்று இழுத்து, 2009-ல் கேட்பரி முழுவதுமாகத் தோற்றபோதுதான் ஓய்ந்தது. ஜெயித்தவருக்கும் அத்தனை ஆண்டுகள் வக்கீல் செலவு. டாரல் லீ தாங்கியது. அதைவிடச் சிறிய கடையாக இருந்தால் முதல் வக்கீல் நோட்டீஸிலேயே பெயின்ட்டை மாற்றியிருக்கும்.

ஆல்டி சூப்பர் மார்க்கெட் வழக்கும் இதே ரகம். மொராக்கனாயில் என்ற கூந்தல் எண்ணெய், நீலப்பச்சை நிற அட்டைப்பெட்டியில் பழுப்பு நிறப் பாட்டிலில் வரும், விலை அதிகம். ஆல்டி தன் சொந்த ஆர்கன் எண்ணெயை அதே நீலப்பச்சையில், அதே பழுப்புப் பாட்டிலில், பெரிதும் குறைந்த விலையில் அடுக்கியது. அதை நினைவுபடுத்தத்தான் இந்தத் தோற்றம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனாலும், 2017-ல் பெட்டியின் தோற்றத்தைப் பொறுத்தவரை மொராக்கனாயில் தோற்றது. ஆல்டிக்குள் நுழைகிறவருக்கு, தான் பார்ப்பது அதே மாதிரியான மலிவுச் சரக்கு என்று தெரியும். நினைவுபடுத்துவது ஏமாற்றுவது ஆகாது. குறைந்த விலைக்கு வாங்கிப் போகிறவரின் கோணத்தில் பார்த்தால் இது சரியான தீர்ப்பு.

இருவரும் ஒரே பொய் சொன்னால்?

இதுவரை சொன்ன எல்லாமே, ஒருவர் சொல்லும் பொய்யால் இன்னொருவர் நஷ்டப்படும் கதைகள். இருவருமே ஒரே பொய்யைச் சொல்லி, இருவருமே அதில் லாபம் பார்த்தால் என்ன ஆகும்?

ஒரு சொல்லுக்காகவும் ஒரு வரைபடத்துக்காகவும் கோர்ட் படியேறிய அதே டெல்ஸ்ட்ராவையும் ஆப்டஸையும் பாருங்கள். தேசிய பிராட்பேண்ட் இணைப்பில் அதிவேகத் திட்டங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு, அவரவர் வீட்டு இணைப்பில் அவ்வளவு வேகம் வரவே வராது என்பதை வாடிக்கையாளர்களுக்குச் சொல்லவில்லை. டிபிஜி நிறுவனமும் இதையே செய்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,20,000 பேர். மூவரில் ஒருவரும் மற்றவர்மேல் வழக்குப் போடவில்லை. ஆஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம்தான் மூவர்மீதும் வழக்குத் தொடுத்தது. 2022 நவம்பரில் டெல்ஸ்ட்ராவுக்கு 15 மில்லியன் டாலர், ஆப்டஸுக்கு 13.5 மில்லியன், டிபிஜிக்கு 5 மில்லியன் அபராதம்.

2024 செப்டம்பரில் ஆணையம் கோல்ஸ், வுல்வொர்த்ஸ் என்ற இரு பெரும் சூப்பர் மார்க்கெட்டுகளின்மேலும் வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு இருவர்மேலும் ஒன்றுதான். முதலில் விலையைக் கொஞ்ச காலத்துக்கு ஏற்றி, பிறகு பழைய விலையைவிட அதிகமான அல்லது சமமான விலைக்கு இறக்கி, ‘விலை குறைந்தது’ என்று சீட்டு ஒட்டினார்கள் என்றது ஆணையம். வுல்வொர்த்ஸில் 266 பொருட்கள், கோல்ஸில் 245 பொருட்கள். நாட்டின் மளிகைச் சந்தையில் பெரும்பகுதியைப் பகிர்ந்துகொள்ளும் இந்த இருவரும் ஒருவர் விலைச் சீட்டை இன்னொருவர் தினமும் பார்க்கிறார்கள். விலை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று வேறு யாரையும்விட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். அந்தச் சீட்டுகளுக்காக ஒருவர்மேல் ஒருவர் கோர்ட்டுக்குப் போகவில்லை.

போட்டியாளர் என்ற காவலர் எப்போது தூங்குவார் என்று இங்கே தெரிகிறது. திருடுவது பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் என்றால் விழித்திருப்பார். சந்தையில் இரண்டு மூன்று பெரியவர்களே மிஞ்சிய இடத்தில் இந்தக் காவலரை நம்பி வாங்குபவரை விட்டுவிடக் கூடாது. ஆணையத்துக்கு ஆளும் பணமும் கூடுதலாக வேண்டும். வாங்குபவர் சார்பில் பேசும் அமைப்புகளுக்குச் சட்டத்தில் பல்லும் வேண்டும்.

ஆஸ்திரேலியா அந்தத் திசையில் ஓரடி வைத்திருக்கிறது. 2024 முதல், அனுமதி பெற்ற சில அமைப்புகள் ஒரு துறை முழுவதையும் பற்றி ஆணையத்திடம் சிறப்புப் புகார் கொடுக்கலாம், 90 நாட்களுக்குள் ஆணையம் பதில் சொல்லியாக வேண்டும். அந்த உரிமை பெற்றவற்றில் ஒன்றான சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு, தன் முதல் சிறப்புப் புகாரை 2025-ல் கொடுத்தது. அது மின்சாரம் விற்கும் நிறுவனங்களைப் பற்றியது. வாடிக்கையாளர் ஏற்கெனவே இருக்கும் திட்டத்தின் பெயரையே, அதைவிட மலிவான புதிய திட்டத்துக்கும் வைத்துவிடுகிறார்கள் என்பது புகார். “உங்களுக்கு இதைவிட மலிவான திட்டம் இருக்கிறது” என்று பில்லில் அச்சிட்டு வருகிறது. பெயரைப் பார்க்கும் வாடிக்கையாளர், நாம் அந்தத் திட்டத்தில்தானே இருக்கிறோம் என்று நினைத்து, அதிக விலையையே கட்டிக்கொண்டிருக்கிறார்.